மின்தேக்கியின் ஒரு தகட்டை எர்த் செய்தால் மின்னூட்டம் எங்கே போகும்?

கேள்வி இது: 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை 12 வோல்ட் மின்கலத்தில் இணைத்து மின்னேற்றியாயிற்று. பிறகு மின்கலத்தைக் கழற்றியாயிற்று. இப்போது நேர்த் தகட்டை மட்டும் ஒரு கம்பியால் எர்த் செய்தால், அதிலுள்ள மின்னூட்டம் முழுவதும் மண்ணுக்குள் இறங்கிவிடுமா? இறங்காது என்றால், ‘எர்த் செய்த பொருளின் மின்னழுத்தம் சுழி’ என்று பாடத்தில் படித்ததை எப்படிப் புரிந்துகொள்வது? கூடவே இன்னொன்று: தொடரிணைப்பில் இருக்கும் இரண்டு மின்தேக்கிகளின் நடுப்புள்ளியை எர்த் செய்தால் என்ன ஆகும்?

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: இறங்காது. நேர்த் தகட்டில் 10 × 12, அதாவது 120 மைக்ரோகூலூம் மின்னூட்டம் இருந்தது. எர்த் செய்த பிறகும் அநேகமாக அதே 120 அங்கேயே இருக்கும். எதிர்த் தகட்டிலும் அதே −120 இருக்கும். மாறுவது மின்னழுத்தம்தான். நேர்த் தகடு 0 வோல்ட்டுக்கு வரும், எதிர்த் தகடு −12 வோல்ட்டுக்குப் போகும். இரண்டுக்கும் நடுவில் உள்ள 12 வோல்ட் வேறுபாடு அப்படியே நிற்கும்.

இது பலருக்கும் உறுத்தும். படிக்கும் காலத்தில் எனக்கும் ரொம்ப நாள் உறுத்தியது. ‘சுழி மின்னழுத்தம்’ என்று படித்தால் ‘மின்னூட்டம் இல்லை’ என்று மனம் தானாகச் சேர்த்துக்கொள்கிறது. சிக்கலே அங்கேதான் இருக்கிறது. முதலில் அதைப் பிரித்துப் பார்ப்போம்.

மின்னழுத்தம் என்பது, 1 கூலூம் மின்னூட்டத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகச் செய்ய வேண்டிய வேலை. 1 கூலூமுக்கு 1 ஜூல் வேலை ஆனால் அது 1 வோல்ட். ‘ஓரிடத்திலிருந்து’ என்ற சொல்லை விட்டுவிட்டால் இந்த வரையறைக்கு அர்த்தமே இல்லை. வோல்ட்மீட்டருக்கு இரண்டு கம்பிகள் இருப்பது அதனால்தான். ஒரு புள்ளியின் மின்னழுத்தம் இவ்வளவு என்று சொன்னால், எந்தப் புள்ளியைச் சுழியாக வைத்துக்கொண்டு அதைச் சொல்கிறோம் என்பதும் அதற்குள் ஒளிந்திருக்கிறது. இன்னொரு விஷயம், ஒரு கடத்தியின் மின்னழுத்தத்தை அதன் சொந்த மின்னூட்டம் மட்டும் தீர்மானிப்பதில்லை. அக்கம்பக்கத்தில் இருக்கும் எல்லா மின்னூட்டங்களும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன.

இதை ஒரு கணக்கோடு பார்த்தால் கண்ணுக்கு நேரே தெரியும். 20 சென்டிமீட்டர் ஆரமுள்ள மெல்லிய உலோகக் கோளக்கூடு. அதன் மேல் 6 நானோகூலூம் மின்னூட்டம். கூட்டுக்குள்ளே, அதே மையத்தில், 10 சென்டிமீட்டர் ஆரமுள்ள உலோகக் கோளம் ஒன்று எதையும் தொடாமல் நிற்கிறது. உள்கோளத்தில் மின்னூட்டமே கிடையாது. அதன் மின்னழுத்தம் எவ்வளவு? வெளிக்கூட்டின் 6 நானோகூலூம் உள்ளே எல்லா இடத்திலும் ஏற்படுத்தும் மின்னழுத்தம், 9 × 10⁹ × 6 × 10⁻⁹ ÷ 0.2, அதாவது 270 வோல்ட். மின்னூட்டம் சுழி, மின்னழுத்தம் 270.

இப்போது கூட்டில் ஒரு சின்னத் துளை போட்டு, கூட்டைத் தொடாமல் ஒரு கம்பியை உள்ளே விட்டு, உள்கோளத்தை எர்த் செய்வோம். அது 0 வோல்ட்டுக்கு வந்தாக வேண்டும். வெளிக்கூடு கொடுக்கும் 270 வோல்ட்டை ஈடுகட்ட, உள்கோளம் தன் பங்குக்கு −270 வோல்ட் கொடுக்க வேண்டும். அதற்கு அதன் மேல் −3 நானோகூலூம் தேவை. அவ்வளவும் கம்பி வழியாக மண்ணிலிருந்து ஏறி வருகிறது. எர்த் செய்ததும் மின்னூட்டம் போவதற்குப் பதிலாக வந்து சேர்கிறது! மின்னழுத்தம் சுழி, மின்னூட்டம் −3 நானோகூலூம். முன்பு இருந்ததற்கு நேர் தலைகீழ்.

எர்த் பற்றிய கணக்கு எது வந்தாலும் நான் ஒரே வழியில்தான் தொடங்குவேன். எர்த் செய்த கடத்தியின் மின்னூட்டத்தைத் தெரியாத எண்ணாக வைத்துக்கொள்வேன். அதன் மின்னழுத்தம் சுழி என்று சமன்பாடு எழுதுவேன். மின்னூட்டம் தானாக வெளியே வந்துவிடும். ‘எர்த் ஆயிற்று, ஆகவே மின்னூட்டம் 0’ என்று எழுதித் தொடங்கினால் கணக்கு அந்த முதல் வரியிலேயே தவறிவிடும்.

சரி, பூமியை ஏன் சுழி என்கிறோம்? அதில் மின்னூட்டம் இல்லை என்பதாலா? அதுவும் இல்லை. நல்ல வானிலையில் தரைக்கு அருகே காற்றில் மீட்டருக்குச் சுமார் 100 வோல்ட் மின்புலம், கீழ்நோக்கி இருக்கிறது. அதை வைத்துக் கணக்கிட்டால், பூமியின் மேற்பரப்பில் ஏறக்குறைய 5 லட்சம் கூலூம் எதிர் மின்னூட்டம் வருகிறது. அவ்வளவு மின்னூட்டத்தைச் சுமக்கும் பொருளைத்தான் நாம் சுழி என்று வைத்திருக்கிறோம். உயரம் அளக்கக் கடல் மட்டத்தைச் சுழியாக வைப்பது போன்ற ஏற்பாடு அது. எல்லோருக்கும் எட்டும் தூரத்தில் இருக்கிறது, சின்னச் சின்னக் கொடுக்கல் வாங்கலுக்கு அசைந்து கொடுக்காது. அதுதான் அதன் தகுதி.

எவ்வளவு அசையாது? வெட்டவெளியில் தனியாக நிற்கும் கோளமாகப் பூமியை எடுத்துக்கொண்டால் அதன் மின்தேக்குத்திறன், அதாவது மின்னழுத்தம் 1 வோல்ட் உயரத் தேவையான மின்னூட்டத்தின் அளவு, சுமார் 709 மைக்ரோஃபாரட். 10 சென்டிமீட்டர் ஆரமுள்ள உலோகக் கோளத்துக்கு வெறும் 11 பைக்கோஃபாரட்தான். அந்தக் கோளத்தை 10,000 வோல்ட்டுக்கு ஏற்றினாலும் அதில் இருப்பது 0.11 மைக்ரோகூலூம். அதை எர்த் செய்தால் பூமியின் மின்னழுத்தம் 0.00016 வோல்ட் நகரும், அவ்வளவுதான். கோளத்தில் மிஞ்சுவது கணக்கில் வராத துளி. இந்த இடத்தில் ‘மின்னூட்டம் முழுவதும் மண்ணுக்குப் போயிற்று’ என்பது சரியான பேச்சு. தனியாக நிற்கும் ஒற்றைக் கடத்திக்கு அது பொருந்தும். மின்தேக்கிக்குப் பொருந்தாது.

அந்த 709 மைக்ரோஃபாரட்டை இன்னொரு தடவை பாருங்கள். எலக்ட்ரானிக்ஸ் பெட்டியில் கிடக்கும் 1000 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கி இரண்டு விரல்களுக்கு நடுவில் அடங்கும். தனிக் கோளமாகப் பார்த்த பூமியின் மின்தேக்குத்திறனை விட அது அதிகம்! முதல் தடவை இந்தக் கணக்கைப் போட்டபோது தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று நான் திரும்பப் போட்டுப் பார்த்தேன். கணக்கு சரிதான். அந்த மின்தேக்கியை 12 வோல்ட்டுக்கு ஏற்றினால் ஒரு தகட்டில் 12,000 மைக்ரோகூலூம் இருக்கும். நேர்த் தகட்டை எர்த் செய்ததும் அது முழுவதும் பூமிக்குள் இறங்குவதாக வைத்துக்கொண்டால், மொத்தப் பூமியின் மின்னழுத்தமும் 17 வோல்ட் உயர வேண்டும். விரலளவு பொருளைத் தொட்டதற்குப் பூமியே 17 வோல்ட் ஏறுமா? ஏறாது. காரணம், மின்தேக்கி முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் அதன் நிகர மின்னூட்டம் சுழி. நேர்த் தகட்டில் உள்ளதை எதிர்த் தகட்டில் உள்ளது, மெல்லிய மின்காப்புப் படலத்துக்கு அப்பால் நின்றுகொண்டு, இறுகப் பிடித்து வைத்திருக்கிறது. பூமி எவ்வளவு பெரிதாக இருந்தாலும், தூரத்தில் இருக்கும் பூமியை விடப் பக்கத்தில் இருக்கும் எதிர் மின்னூட்டத்தின் பிடிதான் வலுவானது.

மேலே ‘அநேகமாக அதே 120’ என்றேன். அந்த ‘அநேகமாக’வுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. மின்தேக்கி காற்றில் தனியாக இருக்கும்போது அதன் ஒவ்வொரு தகட்டுக்கும் பூமிக்கும் இடையேகூடக் கொஞ்சம் மின்தேக்குத்திறன் இருக்கும். தகட்டுக்கு 5 பைக்கோஃபாரட் என்று வைப்போம். இரண்டு தகடுகளும் பூமியைப் பொறுத்து +6, −6 வோல்ட்டில் இருந்தன என்றும் வைப்போம். நேர்த் தகட்டை எர்த் செய்தால் இரண்டும் சேர்ந்து 6 வோல்ட் கீழே இறங்குகின்றன. அதற்குக் கம்பியில் ஓட வேண்டியது 10 பைக்கோஃபாரட் × 6 வோல்ட், அதாவது 60 பைக்கோகூலூம். 120 மைக்ரோகூலூமில் அது 20 லட்சத்தில் ஒரு பங்கு. தகடு 0 வோல்ட்டுக்கு வந்தது இந்தத் துளி நகர்ந்ததால்தான். ஒன்றுமே நகராமல் மின்னழுத்தம் மாறிவிடவில்லை, ஆனால் மாற்றத்துக்கு இவ்வளவு கொஞ்சம் போதும்.

நீங்கள் கேட்டது ஏட்டுக் கேள்வி மட்டும் இல்லை, அதே வேலையைச் செய்யும் சில்லுகள் (எலக்ட்ரானிக் சிப்கள்) இருக்கின்றன. ஐசிஎல்7660 என்ற சில்லுக்கு 5 வோல்ட் கொடுத்தால் −5 வோல்ட் தரும். உள்ளே நடப்பது இதுதான்: ஒரு மின்தேக்கியை 5 வோல்ட்டுக்கு ஏற்றுகிறது, பிறகு உள்ளிருக்கும் சுவிட்சுகளால் அதன் நேர்த் தகட்டை எடுத்துச் சுற்றின் கிரவுண்டில் சேர்க்கிறது. எதிர்த் தகடு −5 வோல்ட்டுக்குப் போகிறது. எர்த் செய்ததும் மின்னூட்டம் ஓடிப்போய்விடும் என்றால் இந்தச் சில்லு வேலையே செய்திருக்காது.

இங்கே ‘கிரவுண்ட்’ என்றது பூமி இல்லை என்பதையும் கவனியுங்கள். மின்கலத்தில் ஓடும் ஒரு கருவி கையிலேயே இருக்கலாம், மண்ணோடு அதற்குச் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். அதன் சுற்றிலும் கிரவுண்ட் இருக்கும். எல்லா அளவுகளுக்கும் பொதுவாக வைத்துக்கொண்ட சுழிப் புள்ளி அது, அவ்வளவே. பேச்சில் எர்த்தையும் கிரவுண்டையும் கலந்துதான் சொல்கிறோம், பரவாயில்லை. யோசிக்கும்போது மட்டும் பிரித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். எனக்கு இதுதான் பிடித்த கேள்வி. மேலே 2 மைக்ரோஃபாரட், கீழே 4 மைக்ரோஃபாரட், தொடரிணைப்பில். இரண்டு முனைகளிலும் 12 வோல்ட் மின்கலம். மொத்த மின்தேக்குத்திறன் 4/3 மைக்ரோஃபாரட், ஆகவே இரண்டிலும் 16 மைக்ரோகூலூம். மேல் மின்தேக்கியில் 8 வோல்ட், கீழ் மின்தேக்கியில் 4 வோல்ட். நடுப்புள்ளியை எர்த் செய்தால் என்ன ஆகும்? கேள்வியில் ஒரு தகவல் குறைகிறது: மின்கலம் ஏற்கெனவே எங்காவது எர்த் ஆகியிருக்கிறதா?

எங்கும் எர்த் ஆகவில்லை என்றால் ஒன்றும் ஆகாது. நடுப்புள்ளி 0 ஆகும், மேல்முனை +8, கீழ்முனை −4. மின்னூட்டம் 16 மைக்ரோகூலூம் அப்படியே. நாம் சுழி என்று அழைக்கும் இடம் மட்டும் மாறியிருக்கிறது.

மின்கலத்தின் எதிர்முனை முன்பே எர்த் ஆகியிருந்தால் கதை வேறு. இப்போது கீழ் மின்தேக்கியின் இரண்டு பக்கமும் மண்ணில். அதன் குறுக்கே 0 வோல்ட், அது முழுவதும் காலியாகிவிடும். மேல் மின்தேக்கியின் மேல் முழு 12 வோல்ட்டும் விழும், அதில் 24 மைக்ரோகூலூம் ஆகும். 8 வோல்ட்டுக்கென்று போட்ட மின்தேக்கி அதிகபட்சம் 10 வோல்ட்தான் தாங்கும் வகையாக இருந்தால் அது பழுதாகக்கூடும்.

ஒவ்வொரு கம்பியிலும் எவ்வளவு ஓடியது என்று எண்ணிப் பார்ப்பது ரொம்பப் பயனுள்ளது. நடுப்புள்ளியில் இரண்டு தகடுகள் சேர்கின்றன. முன்பு அங்கே −16, +16, நிகரம் 0. இப்போது −24, 0, நிகரம் −24. ஆக, 24 மைக்ரோகூலூம் நேர் மின்னூட்டம் நடுப்புள்ளியிலிருந்து மண்ணுக்குப் போயிருக்கிறது. அது எங்கே போயிற்று? கீழ் மின்தேக்கியின் அடித்தகட்டில் −16 இருந்தது, இப்போது 0. அதற்கு 16 தேவைப்பட்டது. மேல் மின்தேக்கி 16-லிருந்து 24-க்கு ஏறியது, அந்த 8-ஐ மின்கலத்தின் நேர்முனை கொடுத்தது, அதே 8 எதிர்முனைக்குத் திரும்பியாக வேண்டும். 16-ம் 8-ம் சேர்ந்து 24. மண் வழியாகப் போன ஒவ்வொரு துளியும் இன்னொரு எர்த் கம்பி வழியாக மேலே வந்துவிட்டது. பூமி எதையும் வைத்துக்கொள்ளவில்லை. இரண்டு எர்த் கம்பிகளுக்கு நடுவில் அது இன்னொரு கம்பி போலத்தான் வேலை செய்தது.

என்னிடம் கேட்பவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். ஒரு சுற்றை ஒரே இடத்தில் எர்த் செய்தால் மின்னழுத்தங்களின் பெயர் மட்டும் மாறும். இரண்டாவது இடத்தில் எர்த் செய்தால் புதிதாக ஒரு பாதை கிடைக்கும், அப்போதுதான் மின்னூட்டங்கள் இடம் மாறும். ஆகவே கணக்கில் எர்த் குறியைப் பார்த்ததும், ‘இது எத்தனையாவது எர்த்?’ என்று கேளுங்கள். மின்சாரம் மண்ணுக்குள் போய் மறைந்துவிடும் என்ற எண்ணமும் இத்தோடு போய்விடும். கருவியின் உலோக உடலை எர்த் செய்கிறோமே, அங்கேயும் கசியும் மின்னோட்டம் எர்த் கம்பி வழியாக அதன் மூலத்துக்குத்தான் திரும்புகிறது. திரும்பும் பாதை எளிதாக இருப்பதால் மின்னோட்டம் பெருகி ஃபியூஸ் போகிறது.

மின்தேக்கியின் பிறப்பிலேயே எர்த் இருக்கிறது. 1745-ல் பால்டிக் கடலோரப் பொமரேனியாவில் கிளைஸ்ட் என்பவரும், அதையொட்டி நெதர்லாந்தின் லைடன் நகரில் முஸ்ஸென்புரூக் என்பவரும் கண்ணாடிக் குப்பியில் மின்னூட்டத்தைச் சேர்க்க முயன்றார்கள். மின்னேற்ற வேண்டிய பொருளை மின்காப்புத் தாங்கியின் மேல் வைக்க வேண்டும் என்பதுதான் அன்றைய விதி. அப்படி வைத்தபோது பெரிதாக ஒன்றும் சேரவில்லை. குப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மின்னேற்றியபோதுதான் சேர்ந்தது, மற்றக் கையால் உள்ளே போகும் கம்பியைத் தொட்டவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. குப்பியின் வெளிப்பக்கத்தைப் பிடித்த கைதான் இரண்டாவது தகடு. உடல் வழியாகத் தரைக்கு எர்த். உள்ளே நேர் மின்னூட்டம் சேரச் சேர, வெளித் தகட்டிலிருந்து அதே அளவு மண்ணுக்குப் போக வழி வேண்டும். அந்த வழி இல்லையென்றால் உள்ளேயும் சேராது. ஒரு தகட்டுக்கு வருவது மற்றதிலிருந்து போக வேண்டும் என்ற விதியை அவர்கள் கையாலேயே கற்றுக்கொண்டார்கள்.

கடைசியாக, பாதுகாப்பு. இதில் நான் கண்டிப்பாகவே இருப்பேன், ஏனென்றால் அனுபவப்பட்டவன். மாணவனாக இருந்தபோது, மின்னேற்றிய உயர் மின்னழுத்த மின்தேக்கி ஒன்றின் எதிர்முனையை எர்த் செய்துவிட்டு, இனி அதில் மின்னூட்டம் இருக்காது என்று நம்பி நேர்முனையைத் தொட்டேன். கை முழங்கை வரைக்கும் மரத்துப்போயிற்று. தரையில் நின்றிருந்தேன், எதிர்முனையும் தரையில் இருந்தது. என் உடம்புதான் இரண்டாவது எர்த் கம்பி. அந்த முதல் எர்த்தைப் போடாமல் விட்டிருந்தால், ஒரு முனையை மட்டும் தொட்டதற்கு அந்த அளவு அடி விழுந்திருக்காது. எர்த் போட்டது மின்தேக்கியைக் காலியாக்கவும் இல்லை, இன்னொரு முனையை முன்பைவிட ஆபத்தானதாகவும் ஆக்கிவிட்டது.

மின்தேக்கியைக் காலியாக்க ஒரே வழி, அதன் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று இணைப்பது. கேமரா ஃபிளாஷில் இருப்பது போன்ற 100 மைக்ரோஃபாரட், 300 வோல்ட் மின்தேக்கியில் 4.5 ஜூல் ஆற்றல் இருக்கும். ஸ்க்ரூடிரைவரை நேரே குறுக்கே வைக்காதீர்கள். தீப்பொறி பறக்கும், முனை உருகும். காப்பிட்ட கம்பிகளோடு 10 கிலோஓம், 5 வாட் மின்தடையை இரண்டு முனைகளிலும் பிடித்தால், காலமாறிலி 1 நொடி, அதாவது ஒவ்வொரு நொடியும் மின்னழுத்தம் இருந்ததில் ஏறக்குறைய 37 சதவீதமாகக் குறையும். 5 நொடியில் 300 வோல்ட் 2 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். பிறகு மீட்டரை வைத்து இரண்டு முனைகளுக்கும் நடுவில் அளந்து பாருங்கள். முனைக்கும் தரைக்கும் நடுவில் அளந்தால் போதாது. எந்த முனையும் எர்த் ஆகாமல் மிதக்கும் மின்தேக்கியில் அந்த அளவுக்கு அர்த்தம் இல்லை.

அளந்து சுழி என்று தெரிந்த பிறகும் ஒரு சின்னக் கம்பியை முனைகளின் குறுக்கே போட்டே வையுங்கள். மின்காப்புப் பொருளுக்குள் ஊறியிருக்கும் மின்னூட்டம் மெதுவாகத் திரும்பி வந்து, சில நிமிடங்களில் முனைகளுக்கிடையே மறுபடி மின்னழுத்தத்தை எழுப்பும். எலக்ட்ரோலிட்டிக் வகையில் இது நன்றாகவே தெரியும். பெரிய உயர் மின்னழுத்த மின்தேக்கிகளைச் சேமித்து வைக்கும்போது இரண்டு முனைகளையும் கம்பியால் கட்டி வைப்பது இதனால்தான். அதைப் பொருத்துகிற நேரம் வரை அந்தக் கம்பியை அவிழ்க்காதீர்கள்.